பாட்டு வளர்த்த தீவு

பினாங்கு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை கொடிமலை, தண்ணீர்மலை முருகன் கோயில், தைப்பூசத்து இரதம், வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த கடைகள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பேருந்துகளும் இந்த வரிசைப்படியே நின்று புறப்படும். இவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொன்றும் அத்தீவில் உண்டு. அதுதான் பாட்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேற்றுமை இல்லாமல் இந்நாட்டார் அனைவரும் முணுமுணுக்கும் பாடல்களைத் தந்த பி. ரம்லி பிறந்த ஊர் அது. ஆறுமுகம் என்ற தமிழர் வீட்டுப் பிள்ளைகள் ‘அலிகேட்ஸ்’ என்ற குழுவாகக் கிளம்பி நாடெங்கும் புகழ் பெற்ற ஊரும் அதுவே.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள், இந்தப் பாட்டுப் பினாங்கைப் பார்த்து வரப் புறப்பட்டேன். உடன் வந்தவன் என் அக்காள் மகன். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்தவன். நன்றாகப் பாடுவான். பாடியதைப் பதிவு செய்து கைப்பேசி வழியே காணொளியாக வெளியிடுவான். அவன் பாடுவதில் பாதி மலாய்ப் பாடல்கள்.

“ஏன்டா ராசா, தமிழ்ல பாட்டே இல்லையா?” என்று கேட்பார் என் அம்மா. “பாட்டு சோறு போடுமா?” என்பது அக்காளின் கேள்வி. மகன் மின்சாரத் தொழில் படித்துச் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்பது அக்காளின் ஆசை. பாடகனாக வேண்டும் என்பது அவன் பிடிவாதம். “தம்பி, நீ வாத்தியாரு. நீ சொன்னா கேப்பான்” என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. வீட்டில் உட்கார வைத்துப் புத்திமதி சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஆகவே, பாடிப் பிழைத்தவர்களின் ஊரையே காட்டிவிடுவோம் என்று அழைத்துச் சென்றேன்.

படகுப் பயணம்

கெடாவின் உட்புறத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பேருந்தில் வந்து, நிலையத்தின் அருகிலேயே ரொட்டி சானாயும் தே தாரேயும் பசியாறிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தோம். கார்களையும் லாரிகளையும் வயிற்றில் சுமந்து சென்ற அந்தப் பழைய இரண்டடுக்குப் படகுகள் இப்போது ஓடுவதில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் ஓடுகின்ற புதிய படகுகளில் ஆட்களும், மோட்டார் சைக்கிள்களும், சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். 1985இல் பாலம் திறந்த பிறகு கார்க்காரர்களுக்குப் படகின் தேவை குறைந்துவிட்டது. ஆனாலும் கடற்காற்று முகத்தில் அடிக்க, தீவு மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் படகில்தான் போக வேண்டும்.

துறைமுக ஊருக்கு ஒரு குணம் உண்டு. சரக்கோடு பாட்டும் வந்து இறங்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் மலாய் மொழியில் ‘பங்சாவான்’ என்ற இசை நாடகம் தோன்றியது. கம்போங்குகள் போட்டி போட்டுப் பாடும் ‘போரியா’ இன்றும் பினாங்கின் சொந்தச் சொத்து. அதற்கும் இந்தியத் தொடர்பு சொல்லப்படுகிறது. நாலா திசையிலிருந்தும் வந்த இராகங்கள் கலந்த ஊரில் பாட்டுக்காரர்கள் பிறந்ததில் வியப்பென்ன?

மரவீடு ஒன்று

படகுத்துறையிலிருந்து வாடகைக் கார் எடுத்து, ஜாலான் பி. ரம்லிக்குப் போகச் சொன்னோம். அந்தக் காலத்தில் அதன் பெயர் கவுன்டர் ஹால் சாலை. இங்கே இருக்கும் எளிய மரவீட்டில்தான் 1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் தெயுக்கு சக்காரியா பிறந்தார். தந்தை தெயுக்கு ஞாக் புத்தே சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் செ மா, கடலுக்கு இக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். பாழடைந்து போக இருந்த வீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் செப்பனிட்டுக் காட்சிக் கூடமாக்கி வைத்திருக்கிறது.

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பலகைச் சுவர், பலகைத் தரை, சின்னச் சின்ன அறைகள், அக்கால வீட்டுச் சாமான்கள், சுவரில் படங்கள். அவ்வளவுதான். நம் பழைய தோட்டத்து லயத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வீடு அந்நியமாகத் தோன்றாது. “இவ்வளவு சின்ன வீடா, மாமா?” என்றான் மருமகன். சிறிது நேரம் எந்த அறையிலும் கைப்பேசியை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

தந்தை பெயரின் முதலெழுத்து

பி. ரம்லி என்ற பெயரில் உள்ள ‘பி’ என்ன என்று என் மாணவர்களைக் கேட்டால் விழிப்பார்கள். தந்தையின் பெயரான புத்தே என்பதன் முதலெழுத்துதான் அது. தமிழர்களாகிய நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதில்லையா, அதுபோலத்தான். பாட ஆரம்பித்த நாளில் வைத்துக்கொண்ட பெயரே உலகறிந்த பெயராகிவிட்டது.

சிறுவன் ரம்லி கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பிறகு பினாங்கு பிரீ ஸ்கூலிலும் படித்தான். இடையில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. ஜப்பானியப் பள்ளியில் சேர்ந்து அவர்கள் பாடல்களைக் கற்றான். கமாருடின் என்ற இசை ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டு, இசைக் குறிப்புகளைப் பார்த்து வாசிக்கப் பழகினான். யூகலேலே, கித்தார், வயலின் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. நண்பர்களோடு குழு சேர்த்துக் கல்யாண வீடுகளில் பாடினான். 1947இல் வானொலிப் பாட்டுப் போட்டியில் வட மலாயாவின் சிறந்த பாடகன் எனப் பெயர் பெற்றான்.

மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் இளைஞர் ரம்லி பாடியதைத் திரைப்பட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த அழைப்பில்தான் 1948 ஆகஸ்டில் ரம்லி சிங்கப்பூருக்கு இரயிலேறினார். ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்ட ‘சிந்தா’ என்ற படத்தில் அவருக்குக் கிடைத்தது பின்னணிப் பாடலும் சிறிய வில்லன் வேடமும். முதன்முதலாக அவரைக் கதாநாயகனாக்கிய படம் 1950இல் வெளிவந்த ‘பக்தி’. அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன். ஆம், நம்மவர்தான்! அக்கால மலாய்ப் படங்களில் ராமநாதன், பி.என். ராவ் என்று இந்திய இயக்குநர்கள் பலர் பணியாற்றினார்கள். பழைய மலாய்ப் பாடல்களைக் கேட்கும்போது ஏதோ நம் வீட்டுப் பாட்டுப்போல ஒரு வாடை வீசுகிறதல்லவா? அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தபோது மருமகன் ஒரு கேள்வி கேட்டான். “அப்ப அவருக்கும் வாத்தியார் இருந்தாரா, மாமா?” இருந்தார். பிறவிக் குரல் ஒரு பங்கு என்றால், பயிற்சி பல பங்கு. மூன்று நிமிடக் காணொளியில் பாட்டு மட்டுமே தெரியும். பாடம் கேட்ட ஆண்டுகள் தெரிவதில்லை.

மாமியார் வெறுத்த தொழில்

1962இல் வந்த ‘இபு மெர்த்துவாகு’, அதாவது ‘என் மாமியார்’ என்ற படத்தை இப்போதும் பெருநாள் காலங்களில் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். காசிம் செலாமாட் என்ற இசைக் கலைஞனைப் பணக்கார வீட்டுப் பெண் காதலிக்கிறாள். பாட்டுக்காரன் என்றாலே மாமியாருக்கு ஆகாது. டாக்டர் மாப்பிள்ளைதான் வேண்டும். மகளை விலக்கி வைக்கிறாள். பினாங்குக்கு வரும் இளந்தம்பதிகள் வறுமையில் வாடுகிறார்கள். மகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு, அவள் இறந்துவிட்டாள் என்று பொய்ச் செய்தி அனுப்புகிறாள் அந்த மாமியார். அழுது அழுதே காசிம் கண் பார்வையை இழக்கிறான். முடிவைச் சொல்ல மாட்டேன். பார்த்தவர்களால் மறக்க இயலாத முடிவு அது.

ரம்லியே நடித்து, இயக்கி, இசையமைத்த படம். ‘பாட்டு சோறு போடுமா?’ என்று அக்காள் கேட்ட அதே கேள்வியைத்தான் அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த மாமியாரும் கேட்டாள். அக்காளை நான் குறை சொல்லவில்லை. பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பம் எங்களுடையது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையின் அருமை எங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானதே என்பதற்கு ரம்லியின் சொந்த வாழ்க்கையே சாட்சி.

1964இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். அங்கே எடுத்த படங்களுக்கு முன்பிருந்த வரவேற்பு இல்லை. காலம் மாறியது, இளைஞர்களின் ரசனை மாறியது. 1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 44. 1982இல் கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டினார்கள். 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவகமாகத் திறந்தார்கள். 1990இல் ‘டான் ஸ்ரீ’ விருது தந்தார்கள். விருதை வாங்கக் கையெங்கே, சொல்லுங்கள்!

ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகள்

பகல் உணவுக்கு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தபோது பேச்சு அலிகேட்ஸ் பக்கம் திரும்பியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு வீட்டு ஒலிநாடாப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எம்.ஜி.ஆர். பாட்டு முடிந்ததும் இவர்கள் பாட்டுத்தான். உறையில் அச்சாகியிருந்த படத்தில், பந்துபோல் சுருண்ட தலைமுடியோடு நின்ற அண்ணன் தம்பிகளைப் பார்த்து, “இவங்க நம்ம ஆளுங்களா?” என்று வாயைப் பிளந்தது நினைவிருக்கிறது.

டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் பினாங்கில் ஆரம்பித்த குழு அது. இசையரங்குகளில் ஆங்கிலப் பாடல்கள் பாடினார்கள். ஹாங்காங் வரை சென்று பாடினார்கள். 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்ட பிறகுதான் வீட்டுக்கு வீடு அவர்கள் குரல் ஒலித்தது. எம். நாசிர் போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். ‘ஹிங்கா அக்கிர் நந்தி’யை இன்றைக்கும் திருமண விருந்துகளில் பாடுகிறார்கள். ‘செஞ்ஞும்லா கோலாலம்பூர்’ தலைநகரின் பாட்டாகவே ஆகிவிட்டது.

மருமகனிடம் நான் சொன்னேன்: “பாட்டி கேக்குற கேள்விக்கு இவங்கதான் பதில். மலாய்ல பாடினாங்க. ஆனா ஆறுமுகத்தை ஆறுமுகமாத்தான் வெச்சிருந்தாங்க, பேரை மாத்திக்கல.” நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பிள்ளைகள் தமிழில் பாட வேண்டும், தமிழ்ப் பாட்டின் பொருளறிந்து பாட வேண்டும் என்று வகுப்பில் நாள்தோறும் வற்புறுத்துகிறவன். தாய்மொழியைக் கையில் பிடித்துக்கொண்டு பிற மொழியிலும் சிறந்து பாடினால் அது நமக்குப் பெருமையே. 2004இல் முதல் ‘மலேசியன் ஐடல்’ ஆன ஜேக்லின் விக்டரும் இப்படித்தான் எல்லா இனத்தார் வீட்டிலும் இடம் பிடித்தார். 2006இல் ‘வல்லவன்’ தொகுப்போடு வந்த யோகி பி குழுவினர் தமிழிலேயே பாடி, தமிழ்நாட்டுத் திரைப்படம் வரை சென்றார்கள். இரண்டு வழியும் நல்ல வழியே.

கைப்பேசியில் வாழும் குரல்

லோகநாதன் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 54. அன்று என் மருமகன் தவழும் குழந்தையாகக்கூட இல்லை, பிறக்கவே இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைத் தட்டியதும் லோகா மேடையில் நின்று பாடுகிறார். ரம்லி பியானோ முன் உட்கார்ந்து சிரிக்கிறார். யூடியூப் செய்த இந்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நான் ஒலிநாடா வாங்கக் காசு சேர்த்துத் திரிந்ததை இந்தக் காலப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். தோட்டத்தின் கடைசி லயத்துப் பிள்ளைக்கும் இன்று இசைக் களஞ்சியம் திறந்தே இருக்கிறது.

மனத்தை உறுத்துவது வேறொன்று. இறந்தவர்களைக் காணொளியில் பார்க்கலாம், வேறு வழியில்லை. இருப்பவர்களையும் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமா? 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலில் அரங்கில் ஏ.ஆர். ரகுமானின் நிகழ்ச்சி நடந்தது. பல்லாயிரம் பேர் திரண்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் வேன் பிடித்துப் போனார்கள். மிக்க மகிழ்ச்சி, அவர் பெரிய கலைஞர். பிறகு எங்கள் கோயில் திருவிழாவில் உள்ளூர் இசைக் குழு ஒன்று பாடியது. பெண்ணொருத்தி உயிரைக் கொடுத்துப் பாடினாள். முன் வரிசையில் பாதிப் பேர் கைப்பேசியில் வேறு யாரோ பாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தபோது எழுந்த கைத்தட்டலை விரல் விட்டு எண்ணியிருக்கலாம். அந்தப் பெண் அடுத்த ஆண்டும் பாட வருவாளா? அவள் பாடாமல் நின்றுவிட்டால் நம் நாட்டுத் தமிழ்ப் பாட்டுக்கு யார் இருப்பார்கள்?

கடற்கரைத் திடலில் ஒரு மாலை

மாலையில் பாடாங் கோத்தா லாமாவுக்கு வந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளைக்கார ஆட்சிக் காலத்து நகர மண்டபம், நடுவில் பச்சைத் திடல். காற்று வாங்க வந்தவர்கள் கூட்டம். நடைபாதை ஓரத்தில் நடுத்தர வயது மலாய்க்காரர் ஒருவர் சின்ன ஒலிபெருக்கியும் கித்தாருமாக நின்று பாடிக்கொண்டிருந்தார். முதலில் ரம்லி பாட்டு. அடுத்து, எங்களுக்காகவே போல, அலிகேட்ஸ் பாட்டு.

சுற்றி நின்றவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் பதினைந்து பேராவது கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். படம் எடுத்ததும் நகர்ந்துவிட்டார்கள். முன்னால் திறந்து கிடந்த கித்தார்ப் பெட்டியில் சில ஒரு வெள்ளி நோட்டுகள். மருமகனும் கைப்பேசியை எடுத்தான். என்னைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான். பிறகு தன்னையறியாமல் இரண்டாம் குரல் சேர்த்து மெதுவாகப் பாட ஆரம்பித்தான். அவர் காதில் விழுந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியை நீட்டி, “வா தம்பி, பாடு” என்று மலாயில் அழைத்தார்.

பையனுக்குக் கை நடுங்கியது. வீட்டில் பத்துத் தடவை பாடி, நன்றாக வந்த ஒன்றை மட்டும் வெளியிடுகிறவனுக்கு, இங்கே திரும்பப் பாட வழியில்லை. காற்றின் இரைச்சல் வேறு. முதல் அடியில் சுருதி விலகியது. அவர் கித்தாரில் அதே சுரத்தை இரண்டு முறை அழுத்தி வாசித்து இழுத்துக்கொண்டு வந்தார். சரணத்துக்கு வந்தபோது குரல் நிலைத்துவிட்டது. எதிரே ஐஸ் கச்சாங் தின்றுகொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

“குரல் நல்ல குரல். ஆனால் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறாய். கேட்கிறவர் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பாடு” என்றார் அந்தப் பாட்டுக்காரர். பகலில் ஒரு கடையில் வேலை செய்துவிட்டு, மாலையில் இங்கே பாடுவதாகவும் சொன்னார். மருமகன் தன் பையிலிருந்து பத்து வெள்ளி நோட்டொன்றை எடுத்து, மடிக்காமல் பெட்டியில் வைத்தான். அவன் கைச்செலவுக்கு அக்காள் கொடுத்த காசு அது.

திரும்பும் படகில் அவனே பேச்சை எடுத்தான். “மாமா, வேலையும் செஞ்சுகிட்டு, வாத்தியார் வெச்சுப் பாட்டும் கத்துக்கலாம்ல?” நான் அவனைக் கேட்க நினைத்திருந்ததை அவனே கேட்டுவிட்டான். அக்காளிடம் நான் இப்படிச் சொன்னேன்: “அவனைத் தடுக்காதீங்க அக்கா. முறையாக் கத்துக்கட்டும். தொழிலும் படிக்கட்டும்.” அக்காள் முழுமனத்தோடு சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. இருந்தாலும், இப்போது சனிக்கிழமைதோறும் பட்டணத்தில் ஒரு கித்தார் ஆசிரியரிடம் போய் வருகிறான். கட்டணத்தில் பாதி என் பங்கு. பாட்டிக்காக வாரம் ஒரு தமிழ்ப் பாட்டும் பாட வேண்டும் என்பது உடன்படிக்கை.

போக விரும்புவோருக்கு

வாசகர்களே, அடுத்த முறை பினாங்கு செல்லும்போது ஜாலான் பி. ரம்லிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீடு திறந்திருக்கும் நாள், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது கட்டணம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் இரவு ‘இபு மெர்த்துவாகு’ படத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டுப் போனால் அந்த மரவீடு இன்னும் அதிகம் பேசும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலிலோ, பள்ளி விழாவிலோ, சந்தை முனையிலோ யாராவது பாடினால் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். முடிந்ததும் நன்றாகக் கைதட்டுங்கள். பெட்டி இருந்தால் ஒரு வெள்ளி போடுங்கள். சாலைக்குப் பெயர் வைப்பதும் நினைவகம் கட்டுவதும் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. உயிரோடு இருக்கும் பாட்டுக்காரருக்குக் கைதட்டுவது நம் வேலை. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.